கரவன் தளங்களில் நாய்க்கு இரவுக் கட்டணம்: எதற்கு என்று சொல்லி வாங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் வாசகர் பகுதியில் வெளியான ஒரு கடிதம், பிரித்தானியாவின் கூடார, கரவன் (வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) தளங்களில் நாயுடன் வருவோரிடம் தனிக் கட்டணம் அறவிடுவது முற்றிலும் நியாயம் என்றும், நாய் வளர்க்காதவர்கள் பிறர் நாய்க்கான செலவைச் சுமக்க வேண்டிய கடப்பாடு எதுவும் இல்லை என்றும் வாதிட்டிருந்தது. அதன் பிற்பாதியுடன் எனக்குப் பிணக்கு இல்லை. முற்பாதியைப் பற்றித்தான், பதினொரு ஆண்டுகளாக ஒரு பழைய கரவனை இழுத்துக்கொண்டும், அதில் ஏழு ஆண்டுகளாக ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டும் இந்த நாட்டின் மூலைமுடுக்குகளுக்குப் போய்வந்தவன் என்ற முறையில், சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். நாய்க்குக் கட்டணமே வாங்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. என்ன செலவுக்காக வாங்குகிறார்கள் என்பதைச் சொல்லி, அந்தச் செலவு எப்படி ஏறுகிறதோ அப்படியே கட்டணமும் ஏறும்படி வாங்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

கடந்த ஓகஸ்ட் மாதம் நானும் மனைவியும், மகளின் ஆறு வயதுப் பிள்ளையும், யோர்க்ஷயர் டேல்ஸ் பகுதியில் உள்ள ஒரு பெரிய தளத்தில் ஏழு இரவுகள் தங்கினோம். தளத்தின் பெயரை இங்கே எழுதுவது என் நோக்கமன்று. அதைப் போன்ற தளங்கள் பல இருக்கின்றன. இணையத்தளத்தில் முதலில் காட்டப்பட்ட விலை இரவுக்கு 34 பவுண். திகதிகளைத் தெரிவுசெய்து, மின் இணைப்பைச் சேர்த்து, கரவனின் நீளத்தை எழுதி, வாகன இலக்கத்தையும் நிரப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான், நாய் ஒன்றுக்கு இரவொன்றுக்கு 4 பவுண் என்ற வரி தலைகாட்டியது. அதற்கு நேர் மேலே, ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இரவொன்றுக்கு 3 பவுண் என்று இருந்தது. ஆக, ஒரு கிழமைக்குப் பேத்திக்கு 21 பவுண், எங்கள் நாய் ஜிம்மிக்கு 28 பவுண்.

இந்தக் கணக்கைப் பேத்திதான் முதலில் கண்டுபிடித்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் ஒவ்வொரு மாலையும் தளத்தின் குளியலறையில் சுடுநீரின் கீழ்ப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் நின்றாள். விளையாட்டுத் திடலில் ஊஞ்சல் ஆடினாள். கழிவறைக் கடதாசிச் சுருளில் பாதியை ஒரே நாளில் தீர்த்துவைத்தாள். ஜிம்மியோ கரவனின் முன்கூடாரத்தில் நாங்கள் வைத்த பழைய வாளியில் சேர்ந்த மழைநீரைக் குடித்துவிட்டு, நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன உணவைத் தின்று, நாங்கள் கொண்டுபோன விரிப்பில் படுத்திருந்தது. "தாத்தா, ஜிம்மி குளிக்கவே இல்லையே, பிறகு ஏன் அதுக்குக் கூட?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வரவேற்பு மேசையில் இருந்த இளைஞரிடம் நான் அதையே கேட்டேன். "எல்லாத் தளங்களிலும் அப்படித்தான்" என்றார். அது பதிலாகாது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தத் தளத்தின் இணையப் பக்கத்தில், நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடவைக்கக்கூடிய வேலியிட்ட புல்வெளி ஒன்றின் படம் இருந்தது. போய்ப் பார்த்தபோது, கரவன்களை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் இடத்துக்குப் பின்னால் ஒடுக்கமான ஒரு துண்டு நிலமும், அதன் படலையில் ஒரு பூட்டும், நிலம் ஈரமாக இருப்பதால் மூடப்பட்டுள்ளது என்று பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு அறிவித்தலும் இருந்தன. அந்தத் தாளின் எழுத்துகள் வெயிலில் வெளிறிப் போயிருந்தன. நாய்க் கழிவு போடும் சிவப்புத் தொட்டி தளம் முழுவதற்கும் ஒன்று. சனிக்கிழமை காலையில் அதன் மூடி மூடாமல் பிதுங்கி நின்றது. கறுப்புப் பைகள் தொட்டியின் காலடியில் குவிந்து கிடந்தன. பை வழங்கும் பெட்டி வெறுமையாக இருந்தது. ஏழு நாளும் அது நிரப்பப்படவில்லை. இந்த நிலையில் 28 பவுண் எதற்குப் போனது என்று கேட்பதை, கஞ்சத்தனம் என்று தங்கள் வாசகர் கொள்ளமாட்டார் என நம்புகிறேன்.

கட்டணத்தை ஆதரிப்போர் முதலில் எடுத்துவைக்கும் காரணம் துப்புரவுச் செலவு. இங்கேதான் இரண்டு வேறு விடயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தளத்துக்குச் சொந்தமான நிலைக் கரவனையோ மரக் குடிலையோ வாடகைக்கு எடுப்பவர் நாயுடன் வந்தால், அவர் போன பின் கம்பளத்தில் ஒட்டிய மயிரை உறிஞ்சி எடுக்க வேண்டும், இருக்கை உறைகளைக் கழற்றித் துவைக்க வேண்டும், நனைந்த நாயின் வாடை அகலும்வரை யன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும், அடுத்து வரும் குடும்பத்தில் யாருக்காவது நாய் மயிர் ஒவ்வாமல் போனால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்காக 30 பவுண் கேட்டாலும் 40 பவுண் கேட்டாலும் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் சொந்தக் கரவனை இழுத்துவருபவனின் நிலை வேறு. அந்தக் கம்பளம் என்னுடையது. ஏழு ஆண்டுகளாக அதிலிருந்து மயிர் பொறுக்குபவனும் நானே. தளம் எனக்குத் தருவது சரளைக்கல் பரப்பிய ஒரு துண்டு நிலம், 16 அம்பியர் மின்சாரம், ஒரு தண்ணீர்க் குழாய், கழிவு ஊற்றும் இடம், பொதுக் குளியலறை ஆகியவற்றைத்தான். இவற்றுள் நாய்க்குப் பயன்படுவது நிலமும் சிறிது தண்ணீரும் மட்டுமே, அந்த நிலத்துக்கு ஏற்கெனவே 34 பவுண் கொடுத்தாயிற்று.

மரக் குடிலை எடுத்துக்கொண்டாலும்கூட, துப்புரவு என்பது தங்கல் முடிந்த பின் ஒருமுறை நடப்பது. இரண்டு இரவு தங்கினாலும் பதினான்கு இரவு தங்கினாலும் கம்பளத்தை உறிஞ்சுவது ஒரு தடவைதான். அப்படியிருக்க, இரவுக்கு இவ்வளவு என்று பெருக்கிக்கொண்டு போவதற்கு என்ன அடிப்படை என்பதை எந்தத் தளமும் விளக்கி நான் கண்டதில்லை. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இங்கே சுமையே இல்லாமல் சுமைகூலி கேட்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னபின், நாயால் தளத்துக்கு ஒரு செலவும் இல்லை என்று நான் சொன்னால் அது பொய். பல தளங்கள் உண்மையில் பண்ணை நிலங்கள். கோடையில் கரவன் நிற்கும் வயலில் இலையுதிர் காலத்தில் மாடோ ஆடோ மேயும், அல்லது அந்தப் புல்லை வெட்டி மாட்டுத் தீவனமாகச் சேமிப்பார்கள். நாயின் கழிவில் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கக்கூடும்; அவை புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போனால் சினைப்பட்ட மாடு கருவை இழக்கும். கன்று இழந்த பால் பண்ணைக்காரருக்கு, நான் பொறுக்காமல் விட்ட ஒரு கழிவின் விலை 4 பவுண்ணில் நிற்காது. ஆடுகளைத் துரத்தும் நாய்களின் கதையும் உண்டு. அதற்கென 1953 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. தம் மந்தையைக் காப்பாற்ற வேறு வழியில்லாத பண்ணைக்காரர் நாயைச் சுட்டாலும் 1971 ஆம் ஆண்டின் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. திறந்த வெளி நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீற்றருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதும், தரையில் கூடு கட்டும் பறவைகளை மனத்தில் வைத்துத்தான். இந்தச் செலவுகளையும் இந்த அச்சங்களையும் நான் முழுமையாக ஏற்கிறேன்.

ஆனால் இவற்றில் ஒன்றையாவது அந்த இரவுக் கட்டணம் குறைக்கிறதா? எங்களிடம் 28 பவுண் வாங்கிய தளம், ஜிம்மிக்குக் கடைசியாக எப்போது பூச்சி மருந்து கொடுத்தோம் என்று கேட்கவில்லை. கழுத்துப்பட்டியில் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அது 1992 ஆம் ஆண்டின் ஆணைப்படி பொது இடங்களில் கட்டாயம் இருக்க வேண்டியது. 2016 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் கட்டாயமான, நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பைப் பற்றியும் பேச்சில்லை. பக்கத்து வயலில் ஆடுகள் நிற்கின்றன, கயிற்றை அவிழ்க்காதீர்கள் என்று ஒரு சொல் இல்லை. பணம் கட்டியாயிற்றா என்பது மட்டுமே கேட்கப்பட்டது.

கட்டணம் சில வேளைகளில் எதிர்விளைவைத் தருவதையும் நான் கண்டிருக்கிறேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் பராமரிப்பு நிலையங்களில், பிள்ளையை அழைத்துப்போகப் பிந்தி வரும் பெற்றோருக்குச் சிறு தண்டப்பணம் விதித்தபோது, பிந்துவோர் குறைவதற்குப் பதிலாகக் கூடினார்கள் என்று 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆசிரியையைக் காத்திருக்கவைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுக்கிறோம் என்ற எண்ணம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. தண்டப்பணத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. எங்கள் தளத்தில், இரண்டு கரவன் தள்ளி நின்ற ஒருவர் தம் பெரிய நாய் வேலியோரம் கழித்ததைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு நடையைக் கட்டினார். என் மனைவி ஒரு பையை நீட்டினார். அவர் சிறிதும் கோபப்படாமல், மிகுந்த மரியாதையுடன், "அதற்குத்தானே இரவுக்கு 4 பவுண் தருகிறோம்" என்றார். கடைசியில் அதைப் பொறுக்கியவர் என் மனைவி. எங்களுக்கும் அதே 4 பவுண்தான்.

ஏன் இந்தக் கட்டணம் இவ்வளவு எளிதாக நிலைபெற்றது என்பதற்கான விடை, செலவுக் கணக்கில் இல்லை, நாயுடன் இருப்பவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதில் இருக்கிறது. நாய்க் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போகலாம் என்றால், எங்கள் பகுதியில் இரவுக்கு 25 பவுண் கேட்டார்கள். பிரான்சுக்கோ ஜேர்மனிக்கோ கொண்டுபோகலாம் என்றால், இங்கு வழங்கப்பட்ட பழைய செல்லப்பிராணிக் கடவுச்சீட்டு 2021 ஜனவரி முதல் செல்லாது. ஒவ்வொரு பயணத்துக்கும் மிருக வைத்தியரிடம் புதிய சுகாதாரச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அதைப் பெற்ற பத்து நாட்களுக்குள் எல்லையைக் கடக்க வேண்டும், திரும்பும்போது நாடாப்புழு மருந்தை இந்த நாட்டுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் வெளிநாட்டு வைத்தியர் ஒருவர் கொடுத்துப் பதிந்திருக்க வேண்டும். நாங்கள் ஒருமுறை செய்து பார்த்தோம். சான்றிதழுக்கான தொகை எங்கள் கப்பல் சீட்டின் விலையைத் தாண்டியது. ஆகவே நாயுள்ள குடும்பம் உள்நாட்டிலேயே சுற்றுகிறது. காப்பகத்தின் 25 பவுண்ணோடு ஒப்பிட்டால் 4 பவுண் சிறிது என்று அது கொடுத்துவிடுகிறது, அப்படிக் கொடுத்துவிடும் என்பது தள முதலாளிகளுக்கும் தெரியும். தேவை உள்ள இடத்தில் விலை ஏறுவது வியாபாரம். அதை வியாபாரம் என்றே சொல்லட்டும், துப்புரவு என்று சொல்ல வேண்டாம்.

இந்த நாட்டு அரசும் ஒரு காலத்தில் நாய்க்குக் காசு வாங்கியது என்பது இளைய வாசகர்களுக்குத் தெரிந்திராது. விக்டோரியா மகாராணி காலத்தில் 7 ஷில்லிங் 6 பென்ஸ் என்று வைக்கப்பட்ட நாய் அனுமதிப்பத்திரக் கட்டணம், தசம நாணயம் வந்தபோது முப்பத்தேழரைப் பென்ஸாகி, அரைப் பென்ஸ் நாணயம் ஒழிந்தபின் 37 பென்ஸாகவே நின்று, 1987 இல் பிரித்தானியாவில் கைவிடப்பட்டது. வட அயர்லாந்தில் மட்டும் அது இன்றும் இருக்கிறது; ஆண்டுக்கு 12.50 பவுண். ஓராண்டு முழுவதும் ஒரு நாயை வைத்திருக்க வட அயர்லாந்தின் உள்ளூராட்சி மன்றம் கேட்கும் தொகையை, யோர்க்ஷயரில் ஒரு வயலோரத்தில் நான்கு இரவு படுக்கவைக்க நான் கொடுத்துவிட்டேன். மன்றம் அந்தப் பணத்தில் தெருநாய் பிடிக்க ஆள் வைத்திருக்கிறது என்பதாவது உண்டு.

ஜேர்மனியில் வாழும் என் மைத்துனர் குடும்பத்துடன் இதைப் பேசினால் அவர்கள் சிரிப்பார்கள். அங்கே நகரசபைகள் நாய்க்கு வரியே வாங்குகின்றன; பேர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. கூடாரத் தளங்களிலும் நாய்க்கு இரவுக் கட்டணம் உண்டு. ஆனால் அவர்களுடன் பொடன்சே ஏரிக் கரையில் நாங்கள் தங்கிய தளத்தில், சேற்றோடு வரும் நாயைக் கழுவ இடுப்பளவு உயரத்தில் ஒரு தொட்டியும் வெந்நீர்க் குழாயும் இருந்தன. வேலியிட்ட ஓடுதிடல் திறந்திருந்தது. ஏரியில் நாய்கள் இறங்குவதற்கென்றே ஒரு துறை ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே கொடுத்த மூன்று யூரோவை நான் இரண்டாம் முறை நினைத்துப் பார்க்கவில்லை. கட்டணம் என்ற சொல்லே எனக்கு ஒவ்வாமை என்று தங்கள் வாசகர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

விலையை எங்கே காட்டுவது என்பது இன்னொரு சிக்கல். 2024 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நுகர்வோர் சட்டத்தின் ஒரு பகுதி 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வாங்குபவர் தவிர்க்க முடியாத கட்டணங்களையெல்லாம் முதலில் காட்டும் விலையிலேயே வியாபாரிகள் சேர்த்துவிட வேண்டும். படிப்படியாகச் சொட்டவிடக் கூடாது. ஆனால் நாய்க் கட்டணத்தைத் தளங்கள் விருப்பத் தெரிவாகக் கணக்கிடுகின்றன, எனவே அது கடைசிப் பக்கத்திலேயே குந்தியிருக்கிறது. நாயை வீட்டில் பூட்டிவிட்டு வருவது விருப்பத் தெரிவாகுமா என்று நாய் வளர்ப்பவரைக் கேட்டால் தெரியும். சட்டத்தின் எழுத்தைப் பற்றிச் சட்டத்தரணிகள் வாதிடட்டும். முதல் பக்கத்தில் 'நாயுடன்' என்று ஒரு கட்டத்தைப் போட்டு, அதைத் தெரிவுசெய்தவருக்கு மொத்த விலையைக் காட்டுவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

இதைவிடப் பாரதூரமான ஒன்றும் உண்டு. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயையும், செவிப்புலன் அற்றவருக்கும் வேறு இயலாமை உள்ளவர்களுக்கும் உதவும் நாய்களையும் செல்லப்பிராணியாகக் கருதிக் காசு கேட்க முடியாது. 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. எங்கள் நண்பர் ஒருவருக்காக ஒரு தளத்தில் இடம் பதியும் பொறுப்பு எனக்கு வந்தது. அவருக்கு இரு கண்களிலும் பார்வை இல்லை. பதிவுப் படிவத்தில் நாய் இல்லை, ஒன்று, இரண்டு என்ற மூன்று தெரிவுகளே இருந்தன. ஒன்று என்று அழுத்தியவுடன் தொகை தானாக ஏறியது. தொலைபேசியில் அழைத்து, பத்து நிமிடம் இசை கேட்டு, விளக்கி, மேலாளரிடம் மாற்றப்பட்டு, மீண்டும் விளக்கிய பின்னரே தொகையை நீக்கினார்கள். மிகவும் பணிவாகத்தான் நீக்கினார்கள். ஆனாலும் சட்டம் தந்த உரிமையை ஒருவர் தொலைபேசியில் கேட்டு வாங்க வேண்டியிருப்பது சரியன்று. படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்க்க ஒரு மணி நேர வேலை.

நம்மவர்களிடையே இந்தப் பேச்சை எடுத்தால், "நாய்க்குப் போய் இவ்வளவு கவலையா?" என்ற கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஊரில் எங்கள் வீட்டு நாய் வேலிக்கு உள்ளே நின்று குரைத்தது, மீன் சோறு தின்றது, முற்றத்து மாமர நிழலில் படுத்தது. குசினிக்குள் வந்தால் அம்மாவின் அகப்பைக் காம்பு பறக்கும். அந்த நாயை வாகனத்தில் ஏற்றி உல்லாசப் பயணம் கூட்டிப்போவது என்பதை என் தகப்பனார் கேட்டிருந்தால் வைத்தியரை அழைத்திருப்பார். இங்கே, தனியாக வாழும் முதியவர்களுக்கும், பிள்ளைகள் படிக்கப் போய்விட்ட வீடுகளுக்கும் நாய் என்னவாக இருக்கிறது என்பதை விளக்கப் போனால் இந்தக் கடிதம் திசைமாறிவிடும். நம் குடும்பங்களில் நாய்க்கு அஞ்சுபவர்கள் நிறையப் பேர் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். என் மனைவியின் தங்கை, கயிற்றில் கட்டிய பூடில் நாயைக் கண்டாலும் வீதியைக் கடந்து மறுபக்கம் போவார். அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் தளத்தில் நாய் வராத ஒரு பகுதி இருக்க வேண்டும். சில தளங்களில் இப்போதே இருக்கிறது. அதற்கு ஒரு வேலியும் ஓர் அறிவித்தலும் தேவைப்பட்டால், அந்த வேலிக்கான பணத்தை என்னிடம் வாங்கட்டும். மகிழ்ச்சியுடன் தருவேன், ஏனென்றால் பணம் எங்கே நிற்கிறது என்பதை என் கண்ணால் பார்ப்பேன்.

டேல்ஸிலிருந்து திரும்பும் வழியில் இரண்டு இரவுகள் ஒரு சிறு பண்ணையில் தங்கினோம். 1960 ஆம் ஆண்டின் கரவன் தளச் சட்டம் வழங்கும் விலக்கின் கீழ், கரவன் கழகங்களின் சான்று பெற்று, ஒரே வேளையில் ஐந்து கரவன்களை மட்டும் நிறுத்த அனுமதிக்கும் சிறு தளங்கள் நாடெங்கும் உள்ளன. அது அவற்றில் ஒன்று. குளியலறை இல்லை. ஒரு தண்ணீர்க் குழாய், கழிவு ஊற்றும் இடம், மின் இணைப்பு, அவ்வளவே. பண்ணையை நடத்தும் அம்மாள், எழுபது வயது இருக்கும், முழங்கால்வரை சேற்றுச் சப்பாத்துடன் வந்து, காசு வாங்கும் முன் ஜிம்மியின் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்தார். பூச்சி மருந்து எப்போது என்று கேட்டார். இடது பக்க வயலில் குட்டிகள் நிற்கின்றன, அந்தப் படலைப் பக்கமே போக வேண்டாம், வலது பக்க வயல் வெறுமை, காலை எட்டு மணிக்கு முன் அங்கே அவிழ்த்துவிடலாம் என்றார். நாய்க்கு எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றுமில்லை, விரும்பினால் கதவருகே உள்ள வான்வழி அம்புலன்ஸ் உண்டியலில் ஏதாவது போடுங்கள் என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சுருள் கறுப்புப் பைகளை எடுத்து என் கையில் வைத்தார். நான் உண்டியலில் ஐந்து பவுண் போட்டேன். முந்திய தளத்தில் கட்டாயத்தின் பேரில் கொடுத்த ஓர் இரவுத் தொகையைவிட அது அதிகம்.

நூற்றுக்கணக்கான கரவன்கள் நிற்கும் ஒரு தளம் அந்த அம்மாளைப் போல ஒவ்வொரு நாயையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பெரிய தளங்களிலும் செய்யக்கூடியவை உள்ளன. சொந்தக் கரவனிலோ கூடாரத்திலோ வரும் நாய்க்கு இரவுக்கு இவ்வளவு என்று வாங்குவதைக் கைவிட்டு, தங்கலுக்கு ஒருமுறை ஐந்து பவுண்ணோ ஆறு பவுண்ணோ வாங்கலாம். குப்பைத் தொட்டிக்கும் புல் பராமரிப்புக்கும் அது போதுமானதாக இருக்கும். ஓடுதிடல் பூட்டியிருக்கும் நாட்களில் அந்தத் தொகையை வாங்காமல் விடலாம். கழிவைப் பொறுக்காதவரை, கயிறு இன்றி நாயை விட்டவரை, மறுநாள் காலை தளத்தைவிட்டுப் போகச் சொல்லலாம். விதிகளில் அந்த வரி எல்லாத் தளங்களிலும் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கிறது. பதினொரு ஆண்டுகளில் ஒருவரைக்கூட அனுப்பியதை நான் பார்த்ததில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வைகாசி, ஆனி மாதங்களில் தங்கள் பத்திரிகை வெளியிடும் கோடை விடுமுறைப் பக்கங்களில் கரவன் தளங்களின் பெயரும் இரவு விலையும் அட்டவணையாக வருகின்றன. நம்மவர்களில் பலர் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டுதான் பயணத்தைத் திட்டமிடுகிறார்கள். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கடந்த ஆண்டுப் பக்கம் இன்னும் ஒட்டியிருக்கிறது. இந்த ஆண்டு அந்த அட்டவணையில் நாய்க்கான கட்டணம் இரவுக்கா தங்கலுக்கா, எவ்வளவு, ஓடுதிடல் திறந்திருக்கிறதா, நாய் வராத பகுதி தனியாக உண்டா என்ற விவரங்களையும் ஒரு நிரலாகச் சேர்த்தால், நாய் உள்ளவருக்கும் நாயைக் கண்டு ஓடுபவருக்கும் ஒருங்கே உதவியாக இருக்கும். தளங்களுக்குத் தொலைபேசியில் பேசி விவரம் திரட்டுவதற்கு ஆள் தேவையானால், ஓய்வுபெற்ற எனக்கு நேரம் இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஹரோ, லண்டன்.